பழைய பெட்டியில் இருந்த டாங்கி

புதிதாக வரும் டாங்கிப் பெட்டியைத் திறந்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நான் சொல்வது பிளாஸ்டிக் டாங்கி. பட்டாளத்து டாங்கியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, துண்டு துண்டாக்கிப் பெட்டியில் போட்டு விற்பார்கள். வாங்கியவன் உட்கார்ந்து ஒட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் என் பொழுதுபோக்கு. மின்துறையிலிருந்து ஓய்வுபெற்ற மனிதன் கரிக்கலாம்பாக்கத்தில் இப்படி ஒரு காரியம் செய்துகொண்டிருப்பது எங்கள் தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. பால்காரர் ஒருமுறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "பேரப்பிள்ளைக்கா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அப்போது பேரப்பிள்ளையே கிடையாது.

கோபம் எதற்கென்றால், இப்போது வரும் பெட்டிகளில் துண்டுகளுக்கு அளவே இல்லை. முன்பு ஒரே துண்டாக வந்த சக்கரம் இப்போது நாலு துண்டாக வருகிறது. கைப்பிடி தனி, அந்தக் கைப்பிடியின் ஆணி தனி. சீரகத்தில் பாதி இருக்கும் பித்தளைத் தகட்டை இடுக்கியில் பிடித்து மூன்று இடத்தில் மடிக்கச் சொல்கிறான் கம்பெனிக்காரன். மடித்து ஒட்டிய பிறகு அது டாங்கியின் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒருவர் கண்ணுக்கும் படாது. பிறகு எதற்கு அதை மடித்தேன் என்று யாரிடம் போய்க் கேட்பது?

நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே கம்பெனியில் செய்த அச்சுகளில் வந்த பழைய பெட்டிகள் இப்படிப் பாடாய்ப் படுத்துவதில்லை. தடித்த பிளாஸ்டிக். மேல்பாதி, கீழ்ப்பாதி, சக்கரங்கள், செயின், மேலே தலை மாதிரி சுற்றுகிற டரட், அதில் ஒரு பீரங்கிக் குழாய். டிபன் பாக்ஸ் மூடி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரும். இணையத்தில் உட்கார்ந்திருக்கும் நிபுணர்கள் அதில் மூக்குச் சரிவு தப்பு, விளக்கு இடம் மாறியிருக்கிறது என்று எழுதுவார்கள். எழுதட்டும். அளவுகோலை எடுத்துக்கொண்டு யாரும் என் வீட்டுக்கு வரப்போவதில்லை.

இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்றவைத்தவர் என் அக்காவின் கணவர். அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அதிலும் அவர் டாங்கி டிரைவர். அக்கா பாகூரில் மாமனார் மாமியாரையும் நெல்லையும் கரும்பையும் பார்த்துக்கொள்ள, மாமா கடலுக்கு அப்பால் டாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். மற்ற சொல்தாக்கள் லீவில் வரும்போது சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவருவார்கள். மாமா மச்சானுக்கென்று டாங்கிப் பெட்டி கொண்டுவருவார். சென்ட் வாங்கிய மச்சான்களெல்லாம் கல்யாண வீடுகளில் கமகமத்துக்கொண்டிருந்தபோது நான் வீட்டில் பிளாஸ்டிக் பசை நாற்றத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கடைசியாகக் கொண்டுவந்த பெட்டியில் இருந்தது அவர் ஓட்டிய அதே ரகம், ஏஎம்எக்ஸ் முப்பது. "இது நான் ஓட்டற வண்டி மச்சான். கை நல்லா பழகனப்புறம் கட்டு" என்றார். கை பழகியது. ஆனாலும் அதை மட்டும் நான் தொடவில்லை. இன்னும் நன்றாகச் செய்யத் தெரிந்த பிறகு பார்க்கலாம் என்று பரணில் ஏற்றி வைத்தேன். பட்டுப்புடவையைக் கட்டாமலே பீரோவில் வைத்திருக்கும் பெண்களைக் கிண்டல் செய்கிற ஆள் நான். என் பரணில் நான் செய்ததும் அதேதான். மாமா வேலை முடிந்து ஊரோடு வந்து, பயிர் வைத்து, தலை நரைத்து, ஒருநாள் கூட அந்தப் பெட்டி என்ன ஆனது என்று கேட்கவில்லை.

போன வருடம் கோடையில்தான் கேட்டார். அக்காவும் அவரும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்து என் முகத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"மச்சான், நேரா பாத்தா நடுவுல கருப்பா ஒண்ணு நிக்குது. ஓரமா மட்டுந்தான் தெரியுது. ஒன் மூஞ்சி தெரியல, காது தெரியுது."

"காது நல்லாத்தான மாமா இருக்குது?" என்றேன்.

சிரித்தார். பிறகு சாதாரணமாகவே சொன்னார். "கண்ணுல ஊசி போடறாங்க. போனது வராதாம். இருக்கறத கொஞ்ச நாளு இழுத்துப் புடிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. அதுக்குள்ள என் வண்டிய ஒருவாட்டி பாத்துடணும் மச்சான். கட்டிக் குடு."

யாரிடமும் எதுவும் கேட்காத மனிதர் அவர். வீட்டு வேலைக்குக் கம்பி வாங்கப் போனால்கூட என்னைக் கூப்பிடாமல் தானே சைக்கிளில் போய்வந்தவர். அவரே வாய்விட்டுக் கேட்கிறார். கட்டித் தருகிறேன் மாமா என்றேன்.

அங்கேதான் எனக்குப் புத்தி கோணலாகப் போனது. மாமாவுக்குச் செய்வது ஒரு மறு கூட இல்லாமல் இருக்க வேண்டும், ஒவ்வொரு போல்ட்டும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று, பரணில் பெட்டி இருக்கும்போதே அதே டாங்கியின் புதுப் பெட்டி ஒன்றை ஆர்டர் செய்தேன். பெட்டி வந்தது. அட்டையில் படம் அருமையாக இருந்தது. உள்ளே துண்டுகள் அரிசி மூட்டையைக் கவிழ்த்த மாதிரி இருந்தன. செயினை ஒவ்வொரு கண்ணியாக வெட்டி, ராவி, கோக்க வேண்டும். ஒரு பக்கத்துச் செயின் முடிவதற்குள் ஆடி மாதமே ஓடிவிட்டது.

ஒருநாள் இடுக்கியிலிருந்து ஒரு துண்டு தெறித்தது. நானும் என் மனைவியும் டார்ச் அடித்துக்கொண்டு தரையில் தவழ்ந்தோம்.

"இன்னா தேடறோம்னாவது சொல்லுங்க."

"சாம்பல் கலர்ல இருக்கும். எள்ளு மாதிரி."

"அப்ப எள்ளையே வெச்சி ஒட்டிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. உள்ளே போய் எள் டப்பாவையே எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஆவணியில் மாமாவும் அக்காவும் மறுபடி வந்தார்கள். இந்தமுறை அவர் வாசற்படியைக் காலால் தடவித் தேடித்தான் ஏறினார். அதைப் பார்த்துவிட்டும் பார்க்காதது போல நின்றேன். மேசையில் புது டாங்கி அரைகுறையாக இருந்தது. "வண்டி வந்திருக்குதா?" என்று ஆசையாகக் கையை நீட்டி அதைத் தூக்கினார். டிராக்டர் பிடித்த கை, டாங்கி பிடித்த கை. நொறுங்குவது எனக்குக் கேட்டது. பித்தளைத் தகடு ஒன்று மடங்கியது, நாலைந்து கைப்பிடிகள் தரையில் உதிர்ந்தன. செயின் அறுந்து அவர் மடியில் விழுந்தது.

"ஒடைச்சிட்டனா?"

"இல்ல மாமா. அது ஒட்டாமதான் வெச்சிருந்தேன்."

நம்பவில்லை. மெதுவாக, மேசை எங்கே இருக்கிறது என்று இடது கையால் பார்த்து, அதை வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அக்கா எடுத்துக் கையில் கொடுக்கும்வரை காபி டம்ளரைக்கூட அவர் தொடவில்லை. போகும்போது, "பரவால்ல மச்சான், அவசரம் இல்ல" என்றார். அவசரம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர்கள் பஸ் ஏறியதும் புதுப் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பரணில் ஏறிப் பழைய பெட்டியை இறக்கினேன்.

பின்கட்டில் தகரக் கூரைக்கு அடியில் இருந்த பரண். அத்தனை கோடையும் அந்தப் பெட்டிமேல்தான் இறங்கியிருக்கிறது. டாங்கியின் கீழ்ப்பாதி வாழைக்காய் போல வளைந்திருந்தது. ரப்பர் செயின் விறைத்துப்போய், தொட்டால் ஒடிவேன் என்றது. ஒரு செயின் இத்தனை வருடமும் ஒரு சக்கரத்தின்மேல் படுத்திருந்து, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கை அரித்துத் தன் அச்சைப் பதித்திருந்தது. தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எண்களும் எழுத்துகளும் மஞ்சளாகிக் கிடந்தன. பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆனால் பழைய பெட்டியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கோபித்துக்கொள்ளாது. வெந்நீரில் முக்கி எடுத்து, மரக்கட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி வைத்தேன். வளைவு நிமிர்ந்துவிட்டது. அதே வெந்நீரில் செயினைப் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக இளகிக் கொடுத்தது. அரித்த சக்கரத்துக்கு வில்லியனூர் டிங்கரிங் கடையில் கார் டோருக்குப் பூசும் பட்டியை ஒரு விரல் நுனி அளவு வாங்கிவந்து பூசித் தேய்த்தேன். மஞ்சளான ஸ்டிக்கர் தாளை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். எங்கள் ஊர் வெயில் எதற்கும் உதவாது என்று இனி சொல்ல மாட்டேன். அது மஞ்சளைக் குடித்துவிட்டு வெள்ளையைத் திருப்பிக் கொடுத்தது.

பிறகு கட்ட உட்கார்ந்தேன். வேலை கடகடவென்று ஓடியது. மேல்பாதி கீழ்ப்பாதியில் கிளிக் என்று உட்கார்ந்தது. டரட்டை உள்ளே விட்டு ஒரு திருகு திருகினால் போதும், கழலாது, சுற்றும். சக்கரம் சுற்றும் அச்சில் பசை வைக்காதே என்று படத்திலேயே போட்டிருந்தான். அதனால் சக்கரங்கள் நிஜமாகவே உருண்டன, செயினும் கூடவே ஓடியது. புதுப் பெட்டியில் இப்படி ஓடாது. அது அலமாரிக்கென்றே பிறந்தது. இதில் வெல்டிங் கோடுகள் தடித்து நின்றன. போல்ட் தலைகள் கடுகு கடுகாகப் புடைத்திருந்தன. நிபுணர்கள் இதைத்தான் குறையாகச் சொல்வார்கள், அளவுக்கு மீறித் தடிப்பு என்று. நான் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பார்த்தேன். புது டாங்கியைத் தடவினால் எல்லாம் முள்தான். இதில் எது விளக்கு, எது மூடி, எது குழாய் என்று ஒவ்வொன்றும் தன்னைச் சொன்னது. எதுவும் உடையவும் இல்லை. மாமாவின் கைக்கு இதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்போதும் அவர் கண்ணால் பார்த்துவிடுவார் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பெயின்ட்டுக்கு மாமாவைப் போனில் கேட்டேன். "இன்னா பச்ச மாமா?"

"முருங்கக்கீர நெழல்ல காஞ்சா ஒரு பச்ச வருமே, அது."

முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்தி, பொட்டலம் கட்டிக்கொண்டு பெயின்ட் கடைக்குப் போய் அதற்குச் சரியாகக் கலக்கச் சொன்னேன். கீரையைக் குழம்பில் போடாமல் கடைக்குக் கொண்டுபோன மனுஷன் என்று என் மனைவி அவள் தங்கைக்குப் போன் போட்டுச் சொன்னாள். மொட்டை மாடியில் வைத்துப் பெயின்ட் அடித்தேன். பக்கத்து வயலில் மனை போடுகிறார்கள். செம்மண் லாரி ஒன்று போனது, ஈரப் பெயின்ட்டில் புழுதி படிந்தது. டாங்கியில் புழுதி தெரிவதற்காகத் தனியாகப் பொடி வாங்கித் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ரியல் எஸ்டேட்காரர் புண்ணியத்தில் அது தானாகவே வந்தது.

ஆயுத பூசைக்கு முதல்நாள் முடிந்த டாங்கியைத் துணியில் சுற்றிப் பாகூர் போனேன். மாமா காலையில்தான் ஊசி போட்டுக்கொண்டு வந்து, கண்ணில் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். டாங்கியை அக்காவிடம் கொடுத்தேன். தண்ணீர் படக்கூடாது, துடைக்கக்கூடாது, நாளைக்குக் கட்டுப் பிரித்ததும் நானே வந்து காட்டுகிறேன் என்று மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நிபந்தனை போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் போனபோது கூடத்தில் பலகை போட்டிருந்தது. அருவாள், மண்வெட்டி, களைக்கொத்து, ஸ்பேனர்கள், தையல் மிஷின், மிக்சி என்று எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருந்தன. நட்டநடுவில் என் டாங்கி. முன்பக்கம் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பீரங்கிக் குழாயில் ஒரு சாமந்திப்பூ. இரண்டு செயினுக்கு முன்னாலும் ஒவ்வொரு சுண்டைக்காய்.

"அக்கா, இன்னா பண்ணி வெச்சிருக்க?"

"இன்னா பண்ணேன்? தண்ணி படக்கூடாதுன்ன. படல."

"சந்தனத்துல தண்ணி இல்லாம பின்ன இன்னா இருக்குது?"

"பன்னீர்லதான் கொழைச்சேன்."

"இந்த சுண்டக்கா எதுக்கு?"

"வண்டின்னா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்க வாணாமா? பழத்த வெச்சா வண்டியே மறைஞ்சி போவுது. அதான்."

எனக்கு ரத்தம் கொதித்தது. பளபளப்பு இல்லாத அந்தப் பெயின்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால்கூடக் கறை நின்றுவிடும். மாமா பார்க்கப்போகும் ஒரே ஒரு தடவைக்கு அது சந்தனக் கறையோடு இருக்க வேண்டுமா? துணியை நனைத்துப் பிழிந்துகொண்டு வந்தேன். அதற்குள் மாமா குளித்துவிட்டு, கட்டுப் பிரித்த கண்ணோடு வந்துவிட்டார். "மச்சான் வந்துட்டியா? எங்க வண்டி?" என்று கேட்டுக்கொண்டே ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

துடைக்க நேரம் இல்லை. சாமந்தியை மட்டும் எடுத்துவிட்டு டாங்கியை அவர் கையில் வைத்தேன். வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். கோழி பார்ப்பது போல் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், பிறகு இன்னொரு பக்கம். கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார்.

"பச்சையா இருக்குது மச்சான்" என்றார். "நல்ல பச்ச."

அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. ஆடியிலேயே கொடுத்திருந்தால் பார்த்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. கையில் இருந்த ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாமா டாங்கியை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் அது உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்துதான் தொட்டார். உடையவில்லை என்றதும் விரல்கள் தைரியமாகின. பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். "இது இன்ஜின் மூடி. இது சைலன்சர்." சக்கரங்களை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தார். டரட்டைச் சுற்றினார். பீரங்கிக் குழாயை நுனிவரை தடவினார். குழாயை ஒட்டி இருந்த தேடுவிளக்கைக் கண்டுபிடித்து, "அட, இதக்கூட வெச்சிருக்கானா" என்றார். பல வருடமாக அவர் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. விரல்கள் முன்பக்கம் வந்தன. இடது பக்கத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டன.

"இது இன்னா மச்சான், மேடா இருக்குது? இப்டி எதுவும் கெடையாதே."

"சந்தனம் மாமா. அக்கா வெச்சிட்டா. ஒரு நிமிஷம், தொடைச்சிடறேன்."

அக்கா பூசைத் தட்டில் பொரியைக் கொட்டிக்கொண்டே பேசினாள். "நீங்க அனுப்பின போட்டோவுல ஒங்க தல அங்க இருந்துதான் எட்டிப் பாக்கும். அந்த மூடிமேலதான் வெச்சேன். வருஷா வருஷம் எல்லாத்துக்கும் வெச்சேன். சைக்கிளுக்கு வெச்சேன், மாட்டுவண்டிக்கு வெச்சேன், மோட்டாருக்கு வெச்சேன். நீங்க ஓட்டற வண்டிக்கு வெக்க முடியல. அது எங்கயோ கடலுக்கு அந்தாண்ட கெடந்துச்சி. இன்னிக்குத்தான் வூட்டுக்கு வந்திருக்குது."

மாமா விரலை அந்தச் சந்தனத்தின்மேல் வைத்தது வைத்தபடியே இருந்தார். நான் துணியோடு கையை நீட்டியதை எப்படித்தான் உணர்ந்தாரோ, டாங்கியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"தொடைக்காத மச்சான். இது இருந்தா நான் உக்காந்த எடம் தேடாம கெடைக்குது."

அக்கா அவர் கையைப் பிடித்துப் பலகைக்குக் கூட்டிக்கொண்டுபோய், டாங்கியைச் சுண்டைக்காய்களுக்கு முன்னால் வைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். "ம், எடுங்க வண்டிய" என்றாள். மாமா சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலைச் சந்தனத்தில் ஊன்றி மெதுவாகத் தள்ளினார். செயின் ஓடியது. ஒரு சுண்டைக்காய் நசுங்கியது, இன்னொன்று உருண்டு மண்வெட்டிக்கு அடியில் போனது. அவர் நிறுத்தவில்லை. பலகையின் ஓரம்வரை ஓட்டி, அங்கே ஒரு பக்கத்துச் செயினை விரலால் பிடித்து நிறுத்தி, இருந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பினார். நிஜ டாங்கி அப்படித்தான் திரும்பும்.

இத்தனை வருடத்தில் நான் எவ்வளவோ டாங்கி கட்டியிருக்கிறேன். டிரைவர் ஏறியது அந்த ஒன்றில்தான்.